ஒரு வானியற்பியலாளரின் மேற்கோள் எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான்: முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டி தேடும் மாணவர் ஒருவர் இரண்டு வானியற்பியலாளர்களின் ஆய்வுப் பக்கங்களைப் பார்த்திருக்கிறார். ஒருவருக்கு 300 கட்டுரைகள், 40,000 மேற்கோள்கள் (பிற கட்டுரைகள் அவற்றைச் சுட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் 85. இன்னொருவருக்கு 60 கட்டுரைகள், 3,500 மேற்கோள்கள், எச்-இண்டெக்ஸ் 28. முதலாமவர் பத்து மடங்கு பெரிய விஞ்ஞானி என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

இந்த மூன்று எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அவற்றுக்குப் பின்னால் உள்ள கட்டுரைப் பட்டியலைப் பொறுமையாகப் பார்த்தால் நிறையச் சொல்ல முடியும். ஒரு கட்டுரை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டது என்பதோடு, எதற்காகக் காட்டப்பட்டது என்றும் கேட்கத் தொடங்கினால் ஒருவரின் ஆய்வு வாழ்க்கை உண்மையில் எப்படிப் போயிருக்கிறது என்பது தெரியவரும்.

முதலில் எச்-இண்டெக்ஸ் பற்றி. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த அளவு இது. ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். 40, 12, 6, 4, 1 என்று ஐந்து கட்டுரைகள் இருந்தால் எச்-இண்டெக்ஸ் 4. ஏனென்றால் குறைந்தது 4 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன, குறைந்தது 5 பெற்றவை ஐந்து இல்லை. இருபது ஆண்டுகள் ஆய்வு செய்தவருக்கு 20 இருந்தால் அவர் நன்றாகச் செயல்பட்டவர், 40 இருந்தால் தனிச் சிறப்புடையவர் என்று ஹிர்ஷ் தன் கட்டுரையில் எழுதினார். அவர் மனதில் இருந்தது இயற்பியல் துறை, அதுவும் சிறு குழுக்களாக எழுதப்படும் கட்டுரைகள். அந்த அளவுகோலை அப்படியே தூக்கி இன்றைய வானியலின் மீது வைத்தால் பொருந்தாது. தன் அளவு சில இடங்களில் மோசமாகத் தவறுகிறது, எதிர்பாராத கெடுதல்களையும் விளைவிக்கிறது என்று 2020-இல் ஹிர்ஷே எழுதிவிட்டார்.

வானியலில் மேற்கோள்களைப் பார்க்க எல்லோரும் போகும் இடம் ஏடிஎஸ். நாசாவின் நிதியில், ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் 1990-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவரும் தரவுத்தளம் அது. கூகுள் ஸ்காலர் மாநாட்டுச் சுருக்கம், ஆய்வேடு என்று எல்லாவற்றையும் எண்ணுவதால் அங்கே எண்கள் பொதுவாகக் கூடுதலாக இருக்கும். ஏடிஎஸ்ஸில் சக ஆய்வாளர்கள் மதிப்பிட்டு வெளிவந்த கட்டுரைகளை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும் அதை எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து ஒரு தனிக் கூட்டுத்தொகையும் காட்டுவார்கள். பலரும் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. நான் ஒருவரின் பக்கத்துக்குப் போனால் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஏன் என்று சொல்கிறேன். 2016-இல் ஈர்ப்பலைகளை, அதாவது காலவெளியில் பரவும் அதிர்வுகளை, முதன்முதலாகக் கண்டறிந்ததை அறிவித்த லைகோ ஆய்வுக்கூடத்தின் கட்டுரையில் ஏறத்தாழ 1,000 பேரின் பெயர்கள் இருந்தன. 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்ததை ஈர்ப்பலையிலும் ஒளியிலும் சேர்த்துப் பதிவுசெய்த கட்டுரையில் 3,000-க்கும் மேற்பட்டோர். இப்படிப்பட்ட கட்டுரை 10,000 மேற்கோள் பெற்றால், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரின் பக்கத்திலும் அந்த 10,000 முழுதாக ஏறும். அந்த அலைகளைப் பிடிக்கும் கண்டுணரியின் கண்ணாடியை அதிராமல் தொங்கவிடும் அமைப்பில் பத்தாண்டு செலவிட்டவருக்கும் அதே எண், குழுவில் சேர்ந்து ஓராண்டு ஆனவருக்கும் அதே எண். ஆயிரம் பேரால் வகுத்தால் ஆளுக்குப் பத்து. இந்த வகுத்தலும் நியாயமானதல்ல. கண்ணாடியைத் தொங்கவிட்டவரின் பங்கு ஆயிரத்தில் ஒன்று என்று யார் சொல்வது? ஆனால் ஒருவரின் 40,000 எங்கிருந்து வந்தது என்பதை அது உடனே காட்டிவிடும். வகுத்த பிறகு 40,000 என்பது 600 ஆகவும், அடுத்தவரின் 3,500 என்பது 1,200 ஆகவும் மாறுவது இத்துறையில் அரிய நிகழ்ச்சி இல்லை.

பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கணிதத்தில் அகர வரிசைதான் வழக்கம். வானியலில் சிறு குழுக் கட்டுரை என்றால் முதலில் வருபவர்தான் வேலையின் பெரும்பகுதியைச் செய்தவர். பெரிய கூட்டுமுயற்சிகளில் பெரும்பாலும் முதல் சில பெயர்கள் உழைப்பின் வரிசையில் இருக்கும், அதன்பின் அகர வரிசை தொடங்கும். முழுக்க அகர வரிசையிலேயே வெளியிடும் குழுக்களும் உண்டு. அங்கே முதல் பெயருக்கு எந்தப் பொருளும் இல்லை. வானியலில் கடைசிப் பெயருக்கு உயிரியலில் உள்ள மதிப்பு கிடையாது. உயிரியல் பின்னணியில் இருந்து வருபவர்கள் அதை ஆய்வகத் தலைவரின் இடம் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: கட்டுரைகள் எதற்காக மேற்கோள் காட்டப்படுகின்றன?

வானியற்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று 1998-இல் ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் வெளியிட்ட தூசு வரைபடம். நம் பால்வெளியில் பரவியிருக்கும் தூசு, தொலைவிலிருந்து வரும் ஒளியை மங்கச் செய்கிறது, சிவக்கவும் செய்கிறது. வானத்தின் எந்தத் திசையில் எவ்வளவு தூசு என்று தெரியாமல் ஒரு விண்மீன் மண்டலத்தின் உண்மையான ஒளிர்வைச் சொல்ல முடியாது. அந்த மூவரும் அகச்சிவப்புச் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு வானம் முழுவதற்கும் ஒரு வரைபடம் செய்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து பால்வெளிக்கு வெளியே எதை ஆராய்ந்தாலும் அந்த வரைபடத்தைப் பயன்படுத்துவதும் மேற்கோள் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டிவிட்டது. அதே ஆண்டு வெளிவந்த இன்னொரு கட்டுரையும் 10,000-ஐத் தாண்டியது. பேரண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்பதைத் தொலைதூர சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) கொண்டு காட்டிய ரீஸ் குழுவின் கட்டுரை அது. பெர்ல்மட்டர் குழுவின் கட்டுரை 1999-இல் வந்தது. அதற்கும் அவ்வளவே மேற்கோள்கள். சூப்பர்நோவா வேலைக்கு 2011-இல் நோபல் பரிசு கிடைத்தது. தூசு வரைபடத்துக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கும் வகையான வேலையும் அதுவல்ல. ஆனால் அது இல்லாமல் ஆயிரக்கணக்கானோரின் அளவீடுகள் பிழைபட்டிருக்கும். ஒன்று கண்டுபிடிப்பு, மற்றது கருவி. இரண்டும் வெவ்வேறு வகைப் பங்களிப்புகள், இரண்டையும் நான் உயர்வாகவே மதிக்கிறேன். எண் இந்த வேறுபாட்டைக் காட்டாது, அவ்வளவுதான். வானியலுக்கான பைத்தான் நிரல் தொகுப்பான ஆஸ்ட்ரோபையின் கட்டுரைகள் இந்தத் தலைமுறையில் இவ்வளவு மேற்கோள் பெறுவதற்கும் இதே காரணம்தான்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு, அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1973-இல் ஷகுராவும் சுன்யாயெவும் கருந்துளையைச் சுற்றிச் சுழன்றபடி உள்ளே விழும் வாயுவட்டு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வாயு உள்ளே விழ வேண்டுமானால் அது தன் கோண உந்தத்தை, அதாவது தன் சுழற்சியை, வெளியே கடத்த வேண்டும். அதற்கு உராய்வு போன்ற ஒன்று வேண்டும். அது எதனால் வருகிறது என்று அன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அவர்கள் அந்த அறியாமை முழுவதையும் ஆல்ஃபா என்ற ஒரே எண்ணுக்குள் அடக்கிவிட்டு, மற்றக் கணக்கை எல்லாம் முடித்துக் காட்டினார்கள். இன்று வரை அந்த வட்டைப் பற்றி எழுதும் எவரும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். அதன் மேற்கோளும் 10,000-க்கு மேல். ஒரு துறைக்கே வேலை செய்யும் வழியை அமைத்துக் கொடுத்த கட்டுரை என்று இதைத்தான் சொல்வேன்.

அந்த உராய்வுக்கான காரணம் 1991-இல் வந்தது. பால்பஸ், ஹாலி இருவரும், வட்டில் வலுக்குறைந்த காந்தப்புலம் ஒன்று இருந்தாலே சுழலும் வாயு நிலைகுலைந்து கொந்தளிக்கத் தொடங்கும் என்று காட்டினார்கள். 2013-இல் அவர்களுக்கு ஷா பரிசு கிடைத்தது. அந்த நிலையின்மையின் கணிதம் மட்டும் முன்பே வெளியாகியிருந்தது: 1959-இல் வெலிகோவ், 1960-இல் சுப்ரமணியன் சந்திரசேகர். சுழலும் இரண்டு உருளைகளுக்கு இடையே காந்தப்புலத்தில் ஓடும் திரவம் பற்றிய கணக்காக அது எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகள் வானியற்பியலில் அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1991-க்குப் பிறகு அந்தப் பழைய கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் குவியத் தொடங்கின. 1965-இல் நின்றுகொண்டு, ஐந்து ஆண்டு மேற்கோள் கணக்கு எடுத்து சந்திரசேகரின் கட்டுரையை மதிப்பிட்டிருந்தால் என்ன எழுதியிருப்போம்?

சந்திரசேகரின் ஆய்வு வாழ்க்கையையே இந்தக் கேள்விக்கு உரைகல்லாக வைத்துப் பார்க்கலாம். அவர் பெயர் சொன்னதும் எல்லோரும் நினைப்பது வெண்குறு விண்மீன்களின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கியவற்றின்) நிறை வரம்பு, அதாவது அவற்றுக்கு இருக்கக்கூடிய உச்ச நிறை. அது 1931-இல் அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலில் வெறும் இரண்டு பக்கக் கட்டுரையாக வந்தது; அப்போது அவருக்கு இருபது வயது. அதில் அவர் தந்த மதிப்பு சூரியனைப் போல் 0.91 மடங்கு. இன்று நாம் சொல்லும் 1.4 பின்னர் வந்தது, விண்மீனின் வேதிக் கலவை சரியாகத் தெரிந்த பிறகு. 1935 ஜனவரியில் லண்டன் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அன்றைய புகழ்பெற்ற வானியற்பியலாளர் எடிங்டன் அந்த முடிவை எல்லோர் முன்னாலும் மறுத்தார். அந்த வரம்பு பரவலாக ஏற்கப்பட ஆண்டுகள் பல பிடித்தன. நோபல் 1983-இல் வந்தது.

அந்த இரண்டு பக்கக் கட்டுரைதான் அவருடைய அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட எழுத்தாக இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. 1943-இல் தற்போக்கு (ஒழுங்கின்றித் தற்செயலாக நிகழும்) நிகழ்வுகளின் கணிதம் பற்றி, பல முடிவுகளைத் தொகுத்து அவர் எழுதிய நீண்ட மீளாய்வுக் கட்டுரைக்கும், 1961-இல் வெளிவந்த பாய்ம நிலைத்தன்மை பற்றிய நூலுக்கும் வந்த மேற்கோள்கள் அதைவிடப் பல மடங்கு அதிகம். மேற்கோள் காட்டியவர்களில் பெரும் பங்கினர் வானியலாளர்களே அல்லர். வேதியியலாளர்கள், பொறியாளர்கள், உயிரியற்பியலாளர்கள். ஒரு மூலக்கூறு இன்னொன்றைச் சந்திக்கும் வேகத்தைக் கணக்கிட 1943 கட்டுரை அவர்களுக்குத் தேவைப்பட்டது. நிறை வரம்பைப் பற்றி எழுதுபவர்களோ 'சந்திரசேகர் வரம்பு' என்று பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், 1931 கட்டுரையைச் சுட்டுவதில்லை. நியூட்டனின் விதியைப் பயன்படுத்துபவர் நியூட்டனைச் சுட்டாததைப் போலத்தான். ஓர் ஆய்வு முடிவு முழுவதுமாக ஏற்கப்பட்டுப் பாடநூலுக்குள் போய்விட்டால் அதன் மேற்கோள் எண்ணிக்கை வளர்வது நின்றுவிடும். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இந்தப் போக்கை முன்பே விவரித்திருக்கிறார். ஒரு விஞ்ஞானிக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த அங்கீகாரம் இது, ஆனால் எந்த அளவுகோலிலும் பதிவாகாது.

அவர் வேலை செய்த விதத்தையும் பாருங்கள். விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் கூட்டங்களின் இயக்கம், கதிர்வீச்சுக் கடத்தல், பாய்ம நிலைத்தன்மை, சுழலும் நீள்கோளங்கள், பொதுச் சார்பியல், கருந்துளைகளின் கணிதம் என்று ஒவ்வொன்றிலும் சில ஆண்டுகள் மூழ்கி, பெரும்பாலும் ஒரு முழு நூலாக அதை எழுதி முடித்துவிட்டு, அடுத்ததற்குப் போனார். மேற்கோள் கணக்கின்படி பார்த்தால் இது நட்டம் தரும் வழி. ஒரே துறையில் நின்று ஆண்டுதோறும் சிறு சிறு முன்னேற்றங்களை எழுதுபவருக்கு எண்ணிக்கை வேகமாக ஏறும். துறை மாறுபவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்க வேண்டும், அந்த ஆண்டுகளில் எழுத்து குறையும். இதற்கிடையே 1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னலின் ஆசிரியராக இருந்து, ஒரு பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை உலகின் முதன்மை வானியற்பியல் இதழாக வளர்த்தார். பிறருடைய ஆயிரக்கணக்கான கட்டுரைகளைச் செம்மைப்படுத்திய அந்த உழைப்புக்கு மேற்கோள் பூஜ்யம்.

இங்கே நடைமுறை எச்சரிக்கை ஒன்று. ஏடிஎஸ்ஸில் 'எஸ். சந்திரசேகர்' என்று தேடினால் திரவப் படிகங்கள் பற்றிய கட்டுரைகளும் வரும். அவை சிவராமகிருஷ்ண சந்திரசேகருடையவை. வட்டு வடிவ மூலக்கூறுகளாலான திரவப் படிகங்களை 1977-இல் கண்டறிந்த குழுவின் தலைவர் அவர். இருவருமே சி. வி. ராமனின் உறவினர்கள், இருவருமே இயற்பியலாளர்கள், இருவருக்கும் முதலெழுத்து ஒன்றே. முதலெழுத்தும் பெயருமாக எழுதும் நம் வழக்கத்தில் இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம். இளைய ஆய்வாளர்கள், ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படும் ஆர்கிட் என்ற அடையாள எண்ணைப் பதிவு செய்துகொண்டு, முதல் கட்டுரையிலிருந்தே பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் எழுதிவருவது நல்லது.

எண்களுக்குள் சாய்வுகளும் இருக்கின்றன. கட்டுரைகளை முன்கூட்டியே இணையத்தில் வெளியிடும் ஆர்கைவ் தளத்தின் அன்றாட வானியல் பட்டியலில், முந்தி அனுப்பப்பட்டு மேலே இடம்பிடிக்கும் கட்டுரைகள் கணிசமாகக் கூடுதல் மேற்கோள் பெறுகின்றன என்று 2008-இலும் 2009-இலும் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நல்ல கட்டுரை என்ற நம்பிக்கையில் முந்திக்கொண்டு அனுப்புவது ஒரு பகுதிக் காரணம். வெறுமனே கண்ணில் முதலில் படுவதும் ஒரு காரணம். 2017-இல் கப்லார், டக்கெல்லா, பிர்ரர் மூவரும் 1950 முதலான வானியல் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். மற்றக் கூறுகளையெல்லாம் கணக்கில் கொண்ட பிறகும், பெண்கள் முதல் ஆசிரியராக உள்ள கட்டுரைகளுக்குக் கிடைக்க வேண்டியதைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவான மேற்கோள்களே கிடைத்திருப்பதைக் கண்டார்கள். ஒரு கட்டுரைக்குப் பத்து சதவீதம் என்பது சிறிதாகத் தெரியலாம். வேலைக்கும் நிதிக்கும் தொலைநோக்கி நேரத்துக்கும் இந்த எண்களே அளவுகோலாக இருக்கும்போது அது முப்பது ஆண்டுகளில் பெருகிக்கொண்டே போகும். இதைத் தெரிந்துகொண்டும் எச்-இண்டெக்ஸை வெட்டுப்புள்ளியாக வைத்து விண்ணப்பங்களைக் கழித்துக்கட்டும் தேர்வுக் குழுக்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

உட்துறையின் அளவும் எண்ணை மாற்றும். பேரண்டவியலில் வேலை செய்வோர் ஏராளம். ஒரே முடிவை ஓராண்டுக்குள் நூற்றுக்கணக்கானோர் சுட்டுவார்கள். இரட்டை விண்மீன்களின் பாதைகளைப் பல ஆண்டுகள் அளந்து பதிவுசெய்பவரின் வாசகர் வட்டம் சிறியது. அங்கே 28 என்பது பேரண்டவியலின் 60-க்குச் சமமாக இருக்கக்கூடும். மீளாய்வுக் கட்டுரைகளையும் தனியே பிரித்துப் பாருங்கள். நல்ல மீளாய்வு எழுதுவது கடினமான, பயனுள்ள வேலை. ஆனால் அதற்கு வரும் மேற்கோள் பெரும்பாலும் பிறருடைய முடிவுகளுக்கானது.

கருவி கட்டுபவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஜேம்ஸ் கன் 1965-இல் புரூஸ் பீட்டர்சனுடன் சேர்ந்து ஒரு கணிப்பை வெளியிட்டார்: தொடக்க காலப் பேரண்டத்தில் நடுநிலை ஹைட்ரஜன் நிறைந்திருந்தால், மிகத் தொலைவிலுள்ள குவாசர்களின் (பெரும் கருந்துளைகளால் ஒளிரும் விண்மீன் மண்டல மையங்களின்) நிறமாலையில் ஒரு பகுதி முழுவதுமாக மறைந்திருக்கும். பின்னர் அவர், வானத்தைப் பெரும் பரப்பில் படமெடுத்து அளக்கும் ஸ்லோன் வான அளவைத் திட்டத்தின் மையப் புள்ளியாக இருந்து அதன் பெரும் கேமராவை உருவாக்கினார். 2001-இல் அந்த அளவை கண்டெடுத்த குவாசர் ஒன்றில்தான் அவர் கணித்த இருள் பகுதி தெளிவாகத் தெரிந்தது, 36 ஆண்டுகள் கழித்து. கன்னுக்குக் கோட்பாட்டிலும் பெயர் இருந்தது. அதனால் எண்களும் உயர்ந்தே இருந்தன. ஆனால் அதே திட்டத்தில் ஒளியிழைகளையும் மின்னணுச் சுற்றுகளையும் தரவு நிரல்களையும் அமைத்தவர்கள் கட்டுரை எழுத நேரமில்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அவர்களைக் காப்பாற்றத்தான் அந்தத் திட்டம் 'கட்டுநர்' என்ற தகுதியைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட அளவு உழைப்பைத் தந்தவர்கள் பின்னாளில் அந்தத் தரவில் எழுதப்படும் கட்டுரைகளில் பெயர் சேர்க்கும்படி கேட்கலாம். ஒருவரின் பட்டியலில் அவர் தொடாத தலைப்புகள் நிறையத் தென்பட்டால், அவர் இந்த உரிமையால் அங்கே இருக்கிறார் என்று பொருளாகலாம். அதைக் குறையாக எண்ணாதீர்கள். எந்தத் தொலைநோக்கியை அவர் கட்டினார் என்று விசாரியுங்கள்.

அந்த இரண்டு பக்கங்களுக்குத் திரும்பி வந்தால், நான் செய்வது இது. ஒவ்வொருவரின் முதல் ஆசிரியர் கட்டுரைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றில் அதிக மேற்கோள் பெற்ற ஐந்தை எடுப்பேன். ஒவ்வொன்றையும் சுட்டிய கட்டுரைகளில் பத்துப் பதினைந்தைத் திறந்து, எந்த வரியில் சுட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். முன்னுரையில் ஏழெட்டுப் பெயர்களோடு அடைப்புக்குறிக்குள் ஒன்றாக வருகிறதா? அல்லது 'இவர்களின் முறையைப் பின்பற்றி', 'இவர்களின் முடிவுக்கு மாறாக' என்று கட்டுரையின் நடுவில் வருகிறதா? இரண்டாவது வகை ஒன்று, முதல் வகை இருபதுக்குச் சமம் என்பது என் கணிப்பு. ஒருவரின் முடிவை மறுக்க ஒரு கூட்டமே வேலை செய்கிறது என்றால் அவர் முக்கியமான எதையோ தொட்டிருக்கிறார்.

அடுத்து ஆண்டுவாரி வரைபடம். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரை இன்றும் ஆண்டுதோறும் சீராகச் சுட்டப்படுகிறதா என்று பாருங்கள். அறிவிப்பு வந்ததும் ஏறி, மூன்றே ஆண்டுகளில் அடங்கிப்போகும் கட்டுரைகள் நிறைய உண்டு.

வழிகாட்டியைத் தேடும் மாணவருக்கு இதற்கும் மேலான ஒன்று இருக்கிறது. அவருடன் முனைவர் பட்டம் முடித்தவர்களின் பெயர்களைத் திரட்டுங்கள். அந்த மாணவர்கள் முதல் ஆசிரியராக எத்தனை கட்டுரை எழுதினார்கள், பட்டம் பெற்ற பிறகு வழிகாட்டியின் பெயர் இல்லாமல் சொந்தமாக எழுதத் தொடங்கினார்களா என்று ஏடிஎஸ்ஸிலேயே பார்த்துவிடலாம். 300 கட்டுரை உள்ளவரின் மாணவர்கள் எல்லோரும் நூறு பெயர்களுக்கு நடுவில் மட்டுமே தென்படுகிறார்கள் என்றால், அங்கே சேர்ந்தால் உங்கள் பெயரும் அப்படித்தான் இருக்கப்போகிறது. 60 கட்டுரை உள்ளவரின் மாணவர்கள் நால்வர் இன்று தனித்தனியாக ஆய்வுக்குழு நடத்துகிறார்கள் என்றால், நான் அவரிடம்தான் முதலில் விண்ணப்பிப்பேன். முடிந்தால் அந்த நால்வரில் ஒருவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பேசிப் பாருங்கள். வழிகாட்டி வரைவைத் திருத்தித் தர எத்தனை வாரம் எடுத்துக்கொள்வார், கருத்து வேறுபாடு வந்தால் எப்படி நடந்துகொள்வார் என்பதெல்லாம் அவர்களிடம்தான் தெரியவரும்.